ரூபா சிஸ்டரின் விருதும் விதி ஏழும்

6.10.2022, வியாழன்

காலை பத்தரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தவன் நான். இந்த வீட்டில் தொலைபேசியை எடுப்பவன் எப்போதும் நான்தான். என் மனைவி ரூபாவதி, அது சற்று நேரம் அழுதுவிட்டுத் தானே ஓய்ந்துவிடும் என்று நம்புகிறவள்.

"சார், சிஸ்டர் இருக்காங்களா?"

தன் பெயரையும் சொல்லாமல், எதிர்முனையில் இருப்பவன் உயிரோடிருக்கிறானா என்றும் கேட்காமல், நேரே மூன்றாமவரை விசாரிப்பது இக்காலத்துப் பண்பாடு. பேசுவது யார் என்று கேட்டேன். கனகமணியாம். ரூபாவிடம் செவிலியர் கல்வி பயின்றவள். இப்போது தானே ஒரு செவிலியர் கல்லூரியின் முதல்வர்.

"சிஸ்டருக்கு விருது சார்! பேரவையோட வாழ்நாள் ஆசிரியர் விருது. இத்தனை வருசத்துல ஒரு நர்சிங் டீச்சருக்குக் குடுக்கறது இதான் முதல் தடவை. கமிட்டில ஒருத்தர்கூட மறுப்புச் சொல்லலை!"

பேரவை என்பது தென்மாவட்ட மருத்துவக் கல்வியாளர் பேரவை. 12.8.1979 அன்று தொடங்கப்பட்டது. அதன் விதிமுறைகளை வரைந்தவன் நான். வாழ்நாள் ஆசிரியர் விருது 1991 முதல் ஆண்டுக்கு ஒருவருக்கு வழங்கப்படுகிறது. அதைப் பெற விரும்புகிறவர் தாமே விண்ணப்பிக்க வேண்டும், அல்லது உறுப்பினர் இருவர் முன்மொழிய வேண்டும். நான் ஒருபோதும் விண்ணப்பித்ததில்லை. கேட்டுப் பெறுவது மரியாதை அன்று, மனு. முன்மொழியலாமே என்று பிறருக்குத் தோன்றியதுமில்லை. என் தன்விவரக் குறிப்பை ஆண்டுதோறும் சனவரி முதல் தேதி திருத்தி மூன்று படிகள் எடுத்து வைக்கிறேன் என்பது வேறு விஷயம். அது ஒழுங்கு.

ரூபாவுக்கு விருது தருவது அவள் கொண்டுவந்த 'நோயாளியாக ஒரு நாள்' என்ற பயிற்சிக்காக. முதலாண்டு மாணவி ஒவ்வொருத்தியும் ஒரு நாள் காலை முதல் மாலை வரை கட்டிலில் படுத்தே கிடக்க வேண்டும். இன்னொரு மாணவி அவளுக்குப் பல் துலக்கி, உடம்பு துடைத்து, ஊட்டி, மலசலத் தட்டு வைக்க வேண்டும். படுத்தவள் எழவும் கூடாது, வாய் திறந்து பேசவும் கூடாது. இன்று பல கல்லூரிகளில் இதைப் பின்பற்றுகிறார்களாம்.

பதிவுக்காக எழுதுகிறேன்: 14.7.1987 அன்று, எங்கள் மருத்துவக் கல்லூரியின் துணை முதல்வர் என்ற முறையில், இப்பயிற்சிக்கு மருத்துவமனைக் கட்டில்கள் தர இயலாது என்று எழுத்து மூலம் மறுத்தவன் நான். நோயாளிகள் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்த காலம் அது. நான் செய்தது நிர்வாகம். அவள் பயிற்சியை விடுதிக்கு மாற்றிக்கொண்டாள். இதுபற்றி வீட்டில் பேச்சு எழுந்ததே இல்லை.

7.10.2022, வெள்ளி

போகமாட்டாளாம்.

"எனக்கு என்னத்துக்குங்க அதெல்லாம்? நாகர்கோவில் வரைக்கும் போயி, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு மேடையில உக்காந்திருக்கணும். கனகமணிகிட்ட சொல்லிருங்க."

நான் சொல்ல வேண்டுமாம். மறுப்பவள் அவள், தெரிவிப்பவன் நான். பேரவையின் மதிப்பு, செவிலியர் சமூகத்துக்கு இது எத்தகைய முன்னுதாரணம் என்பதையெல்லாம் அரைமணி நேரம் எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"உங்களுக்கு எப்பவாச்சும் அதைக் குடுத்தாங்களா?" என்றாள் இடையில்.

"நான் விண்ணப்பிக்கவில்லை."

"ம்."

எனக்கு இந்த 'ம்' பிடிப்பதில்லை. ஐம்பத்தோராண்டுத் திருமண வாழ்வில் அதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

10.10.2022, திங்கள்

மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. மின்பணியாளர் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லி மூன்றேகாலுக்கு வந்தார். வந்தவர், "நீங்க சுவிட்சைப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

மாலையில் கனகமணி நேரில் வந்துவிட்டாள். ரூபாவின் காலடியில் உட்கார்ந்து, "நீங்க வரலைன்னா நான் அந்த மேடையில ஏறமாட்டேன் சிஸ்டர். அம்பது பிள்ளைங்க பஸ் பிடிச்சு வரப் போறாங்க" என்று மன்றாடினாள். ரூபா "பாப்போம்டீ, பாப்போம்" என்று முறுக்குத் தட்டை நகர்த்தினாள்.

வாசல் வரை வழியனுப்பப் போன என்னிடம் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க விடமாட்டேங்கிறீங்களோ?" என்றாள்.

நானா! மூன்று நாட்களாக இந்த வீட்டில் அவளைப் போகச் சொல்லித் தொண்டை வறளப் பேசுகிறவன் நான் ஒருவன்தான். ஊரார் கண்ணுக்கு நான் குறுக்கே கிடக்கும் மரம்.

17.10.2022, திங்கள்

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் பேரவைச் செயலாளர் தங்கதுரை பேசினான். 1983 அணியில் என்னிடம் உடலியங்கியல் படித்தவன். நரம்பு மண்டலத்தில் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை தேறியவன்.

"சார், வாழ்த்துகள் சார்! இந்த வருசம் வாழ்நாள் விருதை இணையர் விருதாக் குடுக்கறதா முடிவு பண்ணிட்டோம். உங்களுக்கும் சிஸ்டருக்கும் சேர்த்து!"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டதோ என்று அவன் "ஹலோ, ஹலோ" என்று கத்தினான். காலம் தாழ்த்தியேனும் பேரவை தன் கடமையை உணர்ந்தது குறித்து மகிழ்ச்சி என்று, உரிய அளவில், தெரிவித்தேன்.

ரூபாவிடம் சொன்னேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அப்படியா? நல்லதாப் போச்சு. அப்போ போவோம்."

அவ்வளவுதான். வியப்பு இல்லை, எப்படி என்ற கேள்வி இல்லை. கணவனுக்குப் பேரவை விருது என்பது அவளுக்கு மாவு புளித்ததைவிடச் சிறிய செய்தி.

18.10.2022, செவ்வாய்

கோட்டைச் சலவைக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை தருவதாகச் சொன்னார் கடைக்காரர். எந்தச் சனிக்கிழமை என்று கேட்டதற்குச் சிரிக்கிறார்.

21.10.2022, வெள்ளி

மேடையில் வாசிக்கவிருக்கும் பாராட்டுரையின் வரைவைத் தங்கதுரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். ஒரு பக்கத்தில் பதினோரு பிழைகள். நான் பணி ஓய்வு பெற்றது 30.6.2000. இதில் 31.5.2001 என்றிருக்கிறது. நான் எங்கே பிறந்தேன் என்பது சரி, எப்போது என்பது தவறு. என் ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்றுகூட இல்லை. என்னைப் பற்றி இருப்பதெல்லாம் ஒரே வாக்கியம்: "இவ்விணையர் இருவரும் இணைந்து வகுத்த 'நோயாளியாக ஒரு நாள்' பயிற்சி…"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த ரூபாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான இருக்கு."

"இருவரும் இணைந்து என்று இருக்கிறதே?"

"ஒரே வீட்டுலதான இருந்தோம்."

பிழைப்பட்டியலைத் தங்கதுரைக்கு அனுப்பினேன். அந்த வாக்கியத்தை இப்போதைக்கு அதில் சேர்க்கவில்லை. தேதிகள் முதலில்.

24.10.2022, திங்கள்

தீபாவளி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலை ஐந்து மணி முதல் வெடித்துத் தள்ளுகிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து வந்த அதிரசம் மட்டும் நன்றாக இருந்தது.

அந்த வாக்கியத்தைப் பற்றி யோசித்தேன். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. நெடுநேரம் படுத்தே கிடந்தால் இரத்த ஓட்டமும் தசைகளும் எவ்வாறு மாறுகின்றன என்பது என் பாடம். அதைச் செவிலிய மாணவிகளுக்கும் சில ஆண்டுகள் நான் எடுத்திருக்கிறேன். ரூபா அங்கிருந்து கருத்தைப் பெற்றிருக்கக்கூடும்.

"என் விரிவுரையிலிருந்து எடுத்தாயா?" என்று கேட்டேன்.

"எதை?" என்றாள்.

26.10.2022, புதன்

நான்கு மணிக்குத் தங்கதுரை எங்கள் புகைப்படங்களை வாங்கிப்போக வந்தான். ரூபா தேவாலயத்தில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். தேநீர் நானே போட்டேன். சர்க்கரை சற்றுக் கூடிவிட்டது.

திருத்திய வரைவைக் காட்டினான். ஓய்வு தேதி இப்போது 31.5.2000. ஆண்டைத் திருத்தி மாதத்தை விட்டுவிட்டிருக்கிறான்!

"இந்தத் தேதியை உனக்கு யார் கொடுத்தது?"

"அது ஆபீஸ்ல இருந்து எடுத்தது சார்."

"எந்த ஆபீஸ்? எந்த ஆபீஸிலும் இந்தத் தேதி இருக்க வழியில்லை. நான் விண்ணப்பமும் தரவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது?"

"விடுங்க சார், மாத்திருவோம்."

"மாற்றுவது பெரிதில்லை. பிழை எங்கே பிறந்தது என்று தெரியாவிட்டால் அது மறுபடியும் வரும். வகுப்பில் உனக்கு நான் சொன்னதுதான்."

தங்கதுரைக்கு வயது ஐம்பத்தேழு. தானும் பேராசிரியர். தேர்வில் வாய்மொழிக் கேள்விக்கு நிற்கும் பையனைப் போல விழித்தான்.

"சிஸ்டர் போன்ல சொன்னது சார். அவங்களுக்கு மாசம், வருசம் சரியா ஞாபகம் இல்ல போல."

"சிஸ்டர் எதற்கு உனக்கு என் தேதியைச் சொல்ல வேண்டும்?"

தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தங்கதுரை."

"பதினாலாம் தேதி அவங்களே போன் பண்ணாங்க சார். 'எங்க சாரையும் சேர்த்துக் குடுக்கறதா இருந்தா வாரேன். நான் மட்டும் மேடையில ஏறி, அவங்க கீழ உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறது எனக்கு வேண்டாம் தம்பி. வருசா வருசம் ஜனவரி மாசம் அவங்க படுத பாடு உனக்குத் தெரியாது'ன்னாங்க. விருது ஒண்ணுதான் சார் இருக்கு, ரெண்டாக் குடுக்க வழியில்ல. அதான் சிஸ்டரோட விருதையே இணையர்னு… அந்த வாக்கியமும் அவங்க சொன்னதுதான். சார், நான் சொன்னேன்னு சிஸ்டர்கிட்ட…"

தேநீர் ஆறுகிறது என்று சொன்னேன். ஒரே மூச்சில் குடித்தான். சரியான தேதியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புகைப்படங்களை மறந்துவிட்டுப் போனான்.

ரூபா ஐந்தரைக்கு வந்தாள்.

"தங்கதுரை வந்தானா? என்ன சொன்னான்?"

"தேதியை மாற்றிவிடுவதாகச் சொன்னான்."

27.10.2022, வியாழன்

பகல் முழுவதும் மழை. எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

28.10.2022, வெள்ளி

பேரவையின் விதிமுறைகளை எடுத்துப் படித்தேன். நான் வரைந்தவைதாம் என்றாலும் படித்து நெடுநாளாயிற்று. விதி ஏழு தெளிவாக இருக்கிறது: செப்டம்பர் முப்பதாம் நாளுக்குப் பின் வந்து சேரும் எந்தப் பெயரும், எக்காரணம் கொண்டும், அவ்வாண்டு விருதுக்குப் பரிசீலிக்கப்படலாகாது. என் பெயர் செயலாளரைச் சென்றடைந்தது 14.10.2022 அன்று. செயலாளரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே என் பெயரைச் சேர்த்தது செல்லாது. இதில் உணர்ச்சிக்கு இடமில்லை.

மொட்டை மாடிக்குப் போய்த் தங்கதுரையை அழைத்தேன். துணி எடுக்கப் போகிறேன் என்று கீழே சொல்லியிருந்தேன். மழைக்காலத்தில் மாடியில் துணி ஏது என்று அவள் கேட்கவில்லை.

"விதி ஏழா?" தங்கதுரை அலறினான். "சார், அந்த விதியை யாரு சார் பாக்கா! போன வருசம் குடுத்தவரு அக்டோபர் இருபதுலதான் அப்ளிகேசனே குடுத்தாரு!"

"அது அவருடைய வெட்கம். என் பெயரை எடு."

"இன்விடேசன் அச்சுக்குப் போயிருச்சு சார்."

"போனது திரும்பி வரும்."

"சிஸ்டர் வரமாட்டாங்க சார்! நீங்க இல்லன்னா வரமாட்டேன்னுதான அவங்க…"

"வருவாள். நான் அழைத்து வருகிறேன். நீ சொல்லக்கூடாது. கனகமணியும் சொல்லக்கூடாது. எங்களுக்கு அழைப்பிதழ் அனுப்பாதே. எழுதிக்கொள்."

பாராட்டுரையை முதலிலிருந்து சொன்னேன். ஒரு பக்கம். அவள் பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, பயிற்சி தொடங்கிய ஆண்டு எல்லாம் சரியாக. 'இருவரும் இணைந்து' என்பதற்குப் பதிலாக, "ரூபாவதி தனியொருவராக வகுத்து, நிர்வாகம் கட்டில்களைத் தர மறுத்த நிலையிலும் நடத்திக்காட்டிய" என்று எழுதச் சொன்னேன்.

தங்கதுரை குறுக்கிட்டான். "எந்த நிர்வாகம் சார்?"

"தேவையற்ற கேள்வி. 'நடத்திக்காட்டிய'. அடுத்த வாக்கியம்."

2.11.2022, புதன்

கோட்டு இன்றுதான் வந்தது, ஒரு பொத்தான் குறைவாக. கடைக்காரர், கொடுக்கும்போதே இல்லை என்கிறார். ரூபா வேறொன்று வைத்துத் தைத்தாள். நிறம் ஒத்துவரவில்லை. நான் அதை அணியப்போவது எங்கே என்பதை யோசித்து, இது போதும் என்றேன்.

"ஏற்புரை நீங்கதான பேசுவீங்க? எனக்கும் சேர்த்துப் பேசிருங்க" என்றாள் நூலைக் கடித்தபடி.

அவரவர் மூன்று நிமிடம் பேசுவதுதான் முறை என்றேன். நீங்க இருக்கையில நான் என்னத்துக்கு என்றாள். தொண்டை கரகரக்கிறது, அன்று பேச முடியுமோ முடியாதோ, எதற்கும் ஆயத்தமாக இரு என்றேன்.

உடனே உப்பு நீர் கொதிக்க வைத்துவிட்டாள். மூன்று முறை கொப்பளிக்க வேண்டியதாயிற்று. என் தொண்டைக்கு ஒன்றுமில்லை.

6.11.2022, ஞாயிறு

நேற்றைய விழாவை இன்று எழுதுகிறேன்.

பத்து மணிக்கு என்று அச்சிட்டிருந்த விழா பதினொன்று பத்துக்குத் தொடங்கியது. சிறப்பு விருந்தினர் இன்னொரு திறப்பு விழாவில் மாட்டிக்கொண்டாராம். மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றின, காற்று வரவில்லை. வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர், எல்லாம் கல்யாண வீடு மாதிரி.

வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். அதில் ரூபாவின் படம் மட்டும். கீழே அவள் பெயர் மட்டும்.

அவள் அதன் முன்னால் நின்றுவிட்டாள். ஐம்பது செவிலிய மாணவிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு "குட் மார்னிங் சிஸ்டர்" என்று பள்ளிக்கூடம் போல ஒரே குரலில் சொன்னார்கள். அவள் திரும்பவில்லை.

"உங்க படம் எங்க?"

"என் பெயர் செப்டம்பர் முப்பதுக்குப் பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. விதி ஏழின்படி அது செல்லாது. நானே விலகிக்கொண்டேன்."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லவில்லை. விதியில் இருக்கிறது."

"தங்கதுரை சொல்லிட்டானா?"

"விதியில் இருக்கிறது என்கிறேன்."

"உங்க விதி ஏழுல மண்ணள்ளிப் போட!" என்றாள், அத்தனை பெண்களுக்கும் நடுவில். முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "காரை எடுக்கச் சொல்லுங்க. வீட்டுக்குப் போவோம்."

"ரூபா, ஐம்பது பிள்ளைகள் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள்."

"வந்தா?"

"நீ போகாவிட்டால் இந்த விருது இன்னும் முப்பது ஆண்டுக்கு எந்தச் செவிலியருக்கும் போகாது. 'அந்த அம்மாவுக்குக் கொடுத்தோம், வரவில்லை' என்பார்கள். இந்தப் பேரவைக்காரர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதில் தூசி ஏதுமில்லை. காலையில்தான் நான் துடைத்துக் கொடுத்திருந்தேன்.

"தொண்டை எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவாயில்லை."

"பரவாயில்லாமத்தான் இருக்கும்" என்று கைப்பையை என் கையில் திணித்துவிட்டு, கனகமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

எனக்கு இரண்டாம் வரிசையில் இடம். நாற்காலியில் ஒட்டியிருந்த தாளில் 'விருதாளர் குடும்பம்' என்று எழுதியிருந்தது. பேரவையின் நிறுவனர்களுக்கு முன்வரிசை என்பது மரபு. யாருக்கும் நினைவில்லை. போகட்டும்.

பாராட்டுரையைக் கனகமணி வாசித்தாள். தேதிகள் அனைத்தும் சரி. 'நிர்வாகம் கட்டில்களைத் தர மறுத்த நிலையிலும்' என்ற இடத்தில் எனக்கு முன்னால் இருந்த ஒருவர் தன் பக்கத்திலிருந்தவரிடம், "எவன் அவன், கட்டில் தராதவன்?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவருக்கும் தெரியவில்லை.

ரூபா ஒலிபெருக்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடிக்கக் கூடாது, இரையும். இரைந்தது.

"நான் பெருசா ஒண்ணும் பேசப் போறதில்ல பிள்ளைகளா. ஆஸ்பத்திரியில தண்ணி கேட்டுட்டுக் காத்துக் கெடக்கது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவ, பெறகு யாரையும் காக்க வைக்க மாட்டான்னு நெனச்சேன். அதுக்குத்தான் உங்களைப் படுக்கப் போட்டது. மொதல்ல எங்களுக்குக் கட்டில் கெடைக்கலை. ஹாஸ்டல்ல சாப்பாட்டு பெஞ்சு ரெண்டைச் சேர்த்துப் போட்டோம். பிள்ளைங்க வெக்கப்பட்டு ஒருத்தியும் படுக்கலை. அதனால மொத நாளு நானே படுத்தேன். என் பிள்ளைங்க எனக்குத் தட்டு வச்சாங்க. கஞ்சி ஊத்துனாங்க, பாதி கழுத்துல ஊத்துனாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மத்தியானத்துக்கு மேல எனக்கு அழுகை வந்துட்டு. யாரும் ஒண்ணும் செய்யலை. சும்மாதான். ஒரு மனுசி படுத்துக் கெடந்தா, எல்லாரும் அவளுக்கு மேலதான் பேசுதாங்க. அவகிட்ட பேச மாட்டேங்காங்க. அன்னைக்குத் தெரிஞ்சிக்கிட்டேன், இதை விடக்கூடாதுன்னு. அவ்வளவுதான். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

முதல் நாள் படுத்தது அவள் என்பது எனக்குத் தெரியாது. அன்றும் அவள் வழக்கம்போல மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு செய்திருப்பாள். நான் சாப்பிட்டிருப்பேன். உப்பு குறைவு என்றோ கூடுதல் என்றோ சொல்லியிருப்பேன்.

பேச்சில் என் பெயர் எங்கும் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. பொதுவாக இத்தகைய விழாக்களில் மக்கள் அளவின்றிக் கைதட்டுவதை நான் விரும்புகிறவன் அல்லேன். கைப்பை மடியிலிருந்து விழும்வரை நானும் தட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

பிறகு படம் பிடிக்கும் படலம். அதற்கென்று ஓர் ஒழுங்கு வைக்க இந்த நாட்டில் யாராலும் முடிவதில்லை. பொன்னாடையும் கேடயமுமாக ரூபா மேடை நடுவில் நிற்க, அவள் மாணவிகள் சுற்றி நெருக்கினார்கள். கைப்பையைக் கொடுத்துவிடலாம் என்று மேடையேறியவன், இறங்க வழியில்லாமல் அவள் பக்கத்திலேயே அகப்பட்டுக்கொண்டேன்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது" என்றார் புகைப்படக்காரர்.

தங்கதுரை பதறிக்கொண்டு வந்தான். "ஏய், அவரு யாருன்னு தெரியுமாவே உனக்கு? சாரு வந்து…"

அவனைக் கையமர்த்தினேன். எவ்வளவு தள்ள வேண்டும் என்று புகைப்படக்காரரிடம் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு அடி."

நகர்ந்தேன். ரூபா ஒருமுறை என் பக்கம் பார்த்தாள். கூப்பிடவில்லை. பிறகு நேரே காமிராவைப் பார்த்து, கேடயத்தைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

நான் நின்ற இடத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது.